யாரை என்ற கேள்வி

முதலாமாண்டு இலக்கண வகுப்பில் செயப்படுபொருளைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொல்லித் தருவோம். வினையைப் பார்த்து 'யாரை?' அல்லது 'எதை?' என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அது செயப்படுபொருள் குன்றாவினை. கேள்வியே எழவில்லை என்றால் குன்றியவினை. 'வாங்கினான்' என்றால் எதை வாங்கினான் என்று கேட்கலாம். 'இருந்தான்' என்றால் யாரை இருந்தான் என்று கேட்க முடியாது. பள்ளிக்கூடத்திலேயே முடிந்திருக்க வேண்டிய பாடம். ஆனாலும் ஒவ்வொரு ஜூலையிலும் கரும்பலகையில் இதைத்தான் முதலில் எழுதுகிறேன். ஐ.எஸ். அமைப்பினர்மீது நடந்த வழக்குகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு இந்தப் பாடம் வேறு எங்கெங்கோ குறுக்கே வந்து நிற்கிறது.

'அவன் பயங்கரவாத அமைப்பில் உறுப்பினராக இருந்தான்.' ஈராக்கில் ஆயிரக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டது இந்த ஒரு வாக்கியத்தால்தான். இதில் யாரை என்று கேட்க இடமே இல்லை.

2014 ஆகஸ்ட் 3 அன்று வடக்கு ஈராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் ஐ.எஸ். நுழைந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் யாசிதிகள். குர்மாஞ்சி பேசும், தங்களுக்கென்று தனிச் சமயம் கொண்ட சிறுபான்மை மக்கள். ஆண்களையும் வளர்ந்த பையன்களையும் தனியே பிரித்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பேருந்துகளில் ஏற்றி மொசூலுக்கும் பின்னர் சிரியாவின் ராக்காவுக்கும் கொண்டுபோனார்கள். கடத்தப்பட்டவர்கள் 6,000 பேருக்கு மேல். பெண்களைக் கணக்கெடுத்தார்கள், வயது பார்த்துப் பிரித்தார்கள், விற்றார்கள். வாங்கியவன் மறுபடி விற்றான். இது போர்க் குழப்பத்தில் தானாக நடந்துவிட்ட ஒன்றல்ல. அந்த ஆண்டு அக்டோபரில் ஐ.எஸ். தன் ஆங்கில இதழிலேயே அடிமை முறையை மீட்டெடுத்துவிட்டோம் என்று பெருமையாக எழுதியது. அடிமைப் பெண்களை எப்படி நடத்தலாம், எந்த வயதில் உறவு கொள்ளலாம் என்று கேள்வி பதில் வடிவில் துண்டறிக்கைகூட வந்தது. 2016 ஜூனில் ஐ.நா. விசாரணைக் குழு இதை இனப்படுகொலை என்று அறிவித்தது.

இத்தனை எழுத்துச் சான்று இருந்தும், பிடிபட்டவர்களை ஈராக் விசாரித்தது 2005ஆம் ஆண்டின் 13ஆம் எண் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் கீழ். அமைப்பில் சேர்ந்திருந்தான் என்று காட்டினால் போதும், மரண தண்டனைவரை தரலாம். மனித உரிமை அமைப்புகள் 2017இலேயே சொன்னார்கள்: விசாரணைகள் சில நிமிடங்களில் முடிகின்றன, ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பியே தீர்ப்பு வருகிறது, பாதிக்கப்பட்ட எவரும் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவதில்லை. 2018 மே முதல் 2019 அக்டோபர் வரை 794 விசாரணைகளை நேரில் கவனித்த ஐ.நா. குழுவின் அறிக்கையும் ஏறக்குறைய அதையே சொன்னது. யாசிதிப் பெண்ணை வீட்டில் அடைத்து வைத்திருந்தவன்கூட அந்தக் குற்றத்துக்காக அங்கே நிற்கவில்லை. உறுப்பினராக இருந்ததற்காக நின்றான். வன்புணர்வுக்குத் தனியே வழக்குப் போட வேண்டிய தேவையை யாரும் உணரவில்லை. ஏற்கெனவே தூக்குத் தண்டனை இருக்கிறதே, அதற்கு மேல் என்ன?

இதே கேள்வியை என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பெண்ணெழுத்து குறித்த தாளில், நாதியா முராத் 2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவனுங்களத்தான் தூக்குல போட்டாச்சே அம்மா, இன்னும் என்ன வேணும்?" என்றாள். கோபமான பெண், நல்ல பெண். பாலியல் வன்முறைச் செய்தி வரும்போதெல்லாம் 'நடுத்தெருவில் தூக்கில் போடு' என்று ஊரே கத்துவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

அவளுக்குச் சொன்னது இதுதான். கடத்தப்பட்டவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்று இன்னும் தெரியவில்லை. ஒருத்தியை யாரிடம் விற்றான், எந்த ஊரில் விட்டான் என்பது விற்றவனுக்கு மட்டுமே தெரியும். பத்து நிமிடத்தில் 'இருந்தாயா?' 'இருந்தேன்' என்று முடித்துத் தூக்கிலிட்டால் அந்தத் தகவலும் அவனோடு போய்விடுகிறது. அரசுக்கு அவன் எதிரி, எதிரி ஒழிந்தான். அக்காவைத் தேடிக்கொண்டிருக்கும் தங்கைக்கு அவன் ஒரு சாட்சியும்கூட. இதைச் சொன்னதும் அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப அந்த வழக்குல பொண்ணே இல்லையா?" என்றாள். இல்லை. அதுதான் விஷயம்.

பயங்கரவாதம் என்ற சொல்லின் சட்ட வரலாற்றைத் தேடிப் போனால், பெண் காணாமல் போனது தற்செயல் அல்ல என்று தெரிகிறது. 1934இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் அன்றைய நாடுகள் சங்கம் 1937இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. பயங்கரவாதச் செயல் என்றால் ஓர் அரசுக்கு எதிராக நடத்தப்படும் குற்றச்செயல் என்று அது வரையறுத்தது. அரசுக்கு எதிராக. தொடக்கத்திலேயே பாதிக்கப்பட்டவரின் நாற்காலியில் அரசு உட்கார்ந்துவிட்டது. அதைத் தண்டிக்கப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்றும் அமைக்கத் திட்டமிருந்தது. அந்தப் பயங்கரவாத ஒப்பந்தத்தை ஏற்று உறுதிசெய்த நாடு உலகத்தில் ஒன்றே ஒன்று. இந்தியா. அதாவது வெள்ளைக்காரர் ஆண்ட இந்தியா. யாருக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவே இல்லை.

அறுபது ஆண்டு கழித்து ரோம். 1998 ஜூன், ஜூலை மாதங்களில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கும் மாநாடு அங்கே நடந்தது. பயங்கரவாதத்தையும் அதன் அதிகார வரம்பில் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்திய நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. துருக்கி, அல்ஜீரியாவும் சேர்ந்துகொண்டன. நடக்கவில்லை. எது பயங்கரவாதம், எது விடுதலைப் போராட்டம், அரசே செய்தால் அதன் பெயர் என்ன என்ற கேள்விகளில் பேச்சு சிக்கிக்கொண்டது. வரையறை கிடைக்கவில்லை என்று வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் ஒன்றோடு அதை விட்டுவிட்டார்கள். இன்றுவரை பயங்கரவாதத்துக்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. 1996இல் தொடங்கிய முழுமையான ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லெபனானுக்கென அமைத்த தனி நீதிமன்றம் மட்டும், ரபீக் ஹரீரி கொலை வழக்கில், பயங்கரவாதக் குற்றத்தை நேரடியாக விசாரித்தது. 2023 முடிவில் அதையும் மூடிவிட்டார்கள்.

ஆனால் அதே ரோமில் வேறொன்று நடந்தது. பல நாட்டுப் பெண்ணிய வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் ஓர் அணியாகச் சேர்ந்து, மாநாட்டு அறைகளுக்கு வெளியே தூதுக்குழுக்களைப் பிடித்துப் பிடித்துப் பேசினார்கள். பழைய போர்ச் சட்டங்கள் வன்புணர்வைப் பெண்ணின் மானத்தின்மீதான தாக்குதல் என்றுதான் சொல்லிவந்தன. நம் நாளிதழ்கள் நெடுங்காலம் எழுதிய 'கற்பழிப்பு' என்ற சொல்லுக்கும் அதற்கும் ஒரே வேர். உடைந்தது உடல் அல்ல, கற்பு. இழந்தது அவள் அல்ல, குடும்பம். வன்புணர்வு என்ற சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவர நாம் இங்கே பட்ட பாட்டை நினைத்தால், அந்தப் பெண்கள் ரோமில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஜூலை 17 அன்று சட்டம் நிறைவேறியபோது வன்புணர்வு, பாலியல் அடிமைத்தனம், கட்டாயப் பாலியல் தொழில், கட்டாயக் கர்ப்பம், கட்டாயக் கருத்தடை ஆகியவை பெயர் சொல்லி அதில் இருந்தன. மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகவும் போர்க்குற்றங்களாகவும். 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 21 ஒதுங்கி நின்றன. ஒதுங்கியவற்றில் இந்தியா உண்டு. பயங்கரவாதம் உள்ளே வரவில்லை, வன்புணர்வு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் பெண்கள் பெற்ற சட்ட வெற்றிகளில் இதைப் பெரிதாக மதிக்கிறேன். நம் பாடநூல் எதிலும் இதைப் பார்த்ததில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று, ருவாண்டா இனப்படுகொலைக்காகத் தான்சானியாவின் அருஷாவில் அமைந்த நீதிமன்றம் அகயேசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தபா என்ற ஊரின் மேயராக இருந்தவர் அவர். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், வேறு எதையோ விவரிக்கும்போது, தன் ஆறு வயது மகள் வன்புணரப்பட்டதைச் சொன்னார். அரசுத் தரப்பு தன் போக்கில் போகப் பார்த்தது. நீதிபதிகளில் ஒரே பெண்ணான நவநீதம் பிள்ளை அந்த இடத்தில் நிறுத்தி மேலும் கேட்டார். டர்பனில் தமிழ் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர், பேருந்து ஓட்டுநரின் மகள். அதற்குப் பின்னர் இன்னொரு பெண்ணும் சொன்னார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. வன்புணர்வும் இனப்படுகொலையின் ஒரு வழி என்று ஒரு பன்னாட்டு நீதிமன்றம் முதன்முறையாகச் சொன்னது அந்தத் தீர்ப்பில்தான். ஒருவர் கேட்டதால் வந்த மாற்றம்.

ரோமில் எழுதிய சட்டம் சிஞ்சாருக்கு உதவியிருக்க வேண்டும். உதவவில்லை. ஈராக்கும் சிரியாவும் அதில் சேராத நாடுகள். 2015 ஏப்ரலில் அந்நீதிமன்றத்தின் தலைமை வழக்குத்தொடுநர் பட்டு பென்சூடா, தங்கள் அதிகார வரம்பு மிகக் குறுகியது என்று சொல்லி விலகிக்கொண்டார். 2017 செப்டம்பரில் சான்றுகளைத் திரட்ட ஈராக்குக்கு ஒரு விசாரணைக் குழுவை அனுப்ப ஐ.நா. தீர்மானித்தது. மரண தண்டனை இருக்கும் நாட்டுக்கு அந்தச் சான்றுகளைக் கொடுப்பதா என்ற தயக்கத்திலும், ஈராக் அரசோடு ஏற்பட்ட உரசலிலும் காலம் போனது. 2024 செப்டம்பரில் குழுவின் பணியே முடிக்கப்பட்டது. இதற்கிடையில் பிழைத்து வந்த பெண்கள் பத்திரிகையாளருக்கு ஒருமுறை, தொண்டு நிறுவனத்துக்கு ஒருமுறை, ஐ.நா.வுக்கு ஒருமுறை, காவல்துறைக்கு ஒருமுறை என்று தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பின்னாளில் ஏதாவது ஒரு நீதிமன்றத்தில், அங்கே ஒன்று சொன்னாய் இங்கே ஒன்று சொல்கிறாய் என்று எதிர்த்தரப்பு கேட்பதற்கு வசதியாக.

வழி திறந்தது ஜெர்மனியில். அங்கே 2002 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் ஆகியவை எந்த நாட்டில், யாரால், யாருக்கு எதிராக நடந்திருந்தாலும் ஜெர்மன் நீதிமன்றம் விசாரிக்கலாம். ஆயினும் முதல் வழக்கு அப்படித் தொடங்கவில்லை. ஐ.எஸ்.இல் சேரப் போய்த் திரும்பிய ஜெர்மன் பெண் ஒருத்தி, ஜெனிபர் டபிள்யூ. என்றே பொதுவில் அறியப்படுகிறாள், 2018இல் மறுபடி சிரியா போகக் கிளம்பினாள். அவளை ஏற்றிக்கொண்டு போன கார் ஓட்டுநர் உளவாளி. வண்டியில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. பேச்சுவாக்கில், தங்கள் வீட்டில் இருந்த ஒரு குழந்தை வெயிலில் செத்துப்போனதைச் சொன்னாள்.

அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது. ஜெனிபரின் கணவன் தாஹா அல்-ஜே. 2015இல் ராக்காவில் ஒரு யாசிதித் தாயையும் மகளையும் விலைக்கு வாங்கி, ஈராக்கின் பல்லூஜாவில் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். தாய் வீட்டுவேலை செய்தார். குழந்தை படுக்கையை நனைத்துவிட்டது. தண்டனையாக, கொளுத்தும் வெயிலில் வீட்டுக்கு வெளியே சன்னல் கம்பியில் குழந்தையைக் கட்டிவைத்தான். ஐம்பது டிகிரியைத் தொடும் வெயில். குழந்தை இறந்தது. நான் இதைப் படித்தது ஒரு மே மாதத்தில், விடைத்தாள் திருத்தும் மையத்தில், மதிய இடைவேளையில். வேலூர் வெயில் எனக்குப் பழக்கம். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. அன்று மதியத் தாள்கட்டை மாலையில்தான் பிரிக்க முடிந்தது.

மியூனிக்கில் 2019 ஏப்ரலில் விசாரணை தொடங்கியது. தொடக்கத்தில் தாய் எங்கே இருக்கிறார் என்றே வழக்குத் தொடுத்தவர்களுக்குத் தெரியாது. யாசிதி அமைப்பு ஒன்று தேடிக் கண்டுபிடித்தது. அவர் வந்தார். ஜெர்மன் நடைமுறையில் பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி அல்ல. தன் வழக்கறிஞரோடு வழக்கின் ஒரு தரப்பாகவே உட்காரலாம். மொழிபெயர்ப்பாளர் துணையோடு, நாள் கணக்கில் அவர் பேசினார். குழந்தை உண்மையிலேயே இறந்ததா என்றுகூட எதிர்த்தரப்பு ஐயம் எழுப்பியது. உடல் இல்லை, சான்றிதழ் இல்லை. தாயின் சொல்லும், காரில் பதிவான பேச்சும் இருந்தன. தாய் வந்த பிறகு வழக்கின் உருவம் மாறியது. 2021 அக்டோபர் 25 அன்று மானுடத்துக்கு எதிரான குற்றமாக அடிமைப்படுத்தியது உள்ளிட்டவற்றுக்காக ஜெனிபருக்குப் பத்தாண்டு கிடைத்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2023இல் பதினான்கு ஆண்டாக உயர்ந்தது. கணவனைக் கிரீஸ் நாட்டிலிருந்து கொண்டுவந்து பிராங்பர்ட்டில் தனியே விசாரித்தார்கள். அங்கும் தாய் வந்து மறுபடி சொன்னார். 2021 நவம்பர் 30 அன்று அவனுக்கு ஆயுள் தண்டனை. தாய்க்கு 50,000 யூரோ இழப்பீடு தர உத்தரவு. ஐ.எஸ். உறுப்பினர் ஒருவன்மீது இனப்படுகொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டது உலகில் அதுவே முதல்முறை.

இந்தப் பிராங்பர்ட் தீர்ப்பில்தான் என் மனம் நின்றுவிட்டது. இனப்படுகொலை என்றால் நமக்குக் குவியல் குவியலான உடல்கள் நினைவுக்கு வரும். இங்கே ஒரு வீடு, ஒரு சன்னல், ஒரு குழந்தை. ஒரு தாயையும் மகளையும் யாசிதிகள் என்பதற்காகவே வாங்கி, அடித்து, அவர்கள் வழிபாட்டை மறக்கச் சொல்லி வதைத்தது, அந்த மக்கள் கூட்டத்தையே அழிக்கும் நோக்கத்தின் பகுதி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 'வாங்கினான்', 'கட்டினான்', 'கொன்றான்' எல்லாமே குன்றாவினைகள். யாரை என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டதால் அவரை அழைத்தார்கள்.

இந்த இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஜூனில் கோப்ளென்ஸ் நீதிமன்றம் நதீன் கே. என்பவளுக்குப் பயங்கரவாத அமைப்பில் உறுப்பினர் என்பதோடு இனப்படுகொலைக்கு உடந்தை என்றும் சேர்த்தே ஒன்பது ஆண்டு மூன்று மாதம் கொடுத்தது. ஐரோப்பிய வழக்குத்தொடுநர்கள் இப்போது இரண்டையும் சேர்த்தே தொடுக்கிறார்கள். சியரா லியோன் தனி நீதிமன்றம் 2009இல், ஊர் மக்களை அச்சத்தில் உறைய வைக்கவே பெண்களை வன்புணர்ந்தார்கள், எனவே அதுவே பயங்கரச் செயல் என்ற போர்க்குற்றம் என்றது. சொல்லுக்குள் பெண்ணைக் கொண்டுவர முடியும். 'உறுப்பினராக இருந்தான்' என்பதோடு நின்றுவிட்டால்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. இரண்டு பக்கமும் கெட்டுப்போகிறது: பெண்ணை விற்றவனும், ஐ.எஸ். ஆண்ட ஊரில் பிழைப்புக்காகச் சோறு சமைத்தவனும் ஈராக்கில் ஒரே வாக்கியத்தின் கீழ் வந்தார்கள். செய்தவனின் செயல் மறைந்தது. செய்யாதவன்மீது செயல் ஏறியது. தடைசெய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று 2023 மார்ச்சில் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருப்பதால் இது தொலைதூரத்துக் கதையும் அல்ல.

இன்னொன்றைப் பெண்ணியவாதிகளான நாம் நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாசிதிப் பெண்களை அடிமைப்படுத்தியதற்காக ஐரோப்பாவில் தண்டிக்கப்பட்டவர்களில் பலர் பெண்கள். ஜெனிபர், நதீன். 2024 டிசம்பரில் த ஹேக்கில் ஹஸ்னா ஏ., பத்தாண்டு. 2025 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் லினா இஷாக், பன்னிரண்டு ஆண்டு. தொடக்கத்தில் இவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை. காதலனை நம்பிப் போன பேதைகள், அடுப்படியில் இருந்தவர்கள் என்றே ஊடகங்கள் எழுதின. அடுப்படியில்தான் அடிமை இருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. அவளுக்கு வேலை ஏவியவள், பூட்டியவள், தன் கணவனின் அறைக்கு அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே இருந்தவள், அந்த வீட்டின் தலைவி. வீடு என்பது தனிப்பட்ட இடம், அங்கே நடப்பது அரசியல் இல்லை என்ற பழைய பொய்யை நாம் எத்தனையோ கட்டுரைகளில் உடைத்திருக்கிறோம். வீட்டுக்குள் பெண் செய்யும் கொடுமையும் அந்த அரசியலுக்குள் வரும் என்பதை இவ்வழக்குகள் காட்டின. அதே சமயம் ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். ஐரோப்பா திரும்பியவர்களில் இந்தப் பெண்கள் கைக்கு எட்டினார்கள். விற்ற, வாங்கிய ஆண்கள் பெரும்பாலும் போர்க்களத்தில் செத்தார்கள், அல்லது பாக்தாத்தில் 'உறுப்பினர்' என்று தூக்கிலானார்கள். எனவே பதிவாகும் வரலாற்றில் அடிமை முறைக்குப் பெண் முகமே கூடுதலாகத் தெரியக்கூடும்.

தமிழ் படித்தவளுக்கு இதையெல்லாம் வாசிக்கும்போது பட்டினப்பாலை நினைவுக்கு வராமல் இருக்காது. கரிகாலனின் புகழ்பாடும் அந்தப் பாட்டில் 'கொண்டி மகளிர்' வருகிறார்கள். கொண்டி என்றால் கொள்ளைப் பொருள். பகைவரிடமிருந்து பிடித்துவந்த பெண்கள் என்றுதான் உரையும் சொல்கிறது. அவர்கள் அங்கே நீராடி, அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். பாட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. சோழர் காலத்தில் 'வேளம்' என்று ஓர் இடமே இருந்தது, வென்ற நாட்டுப் பெண்களை வைக்க. வேளத்துப் பெண்கள் கல்வெட்டுகளிலும் வருகிறார்கள். இவற்றை நகரச் சிறப்பு, மன்னன் சிறப்பு என்ற தலைப்பில் குறிப்பெடுத்தே நாங்கள் முனைவர் பட்டம் வரை வந்தோம். எந்தத் தேர்விலும் அவர்கள் எந்த ஊர், என்ன மொழி பேசினார்கள் என்ற வினா வந்ததில்லை. இப்போது அந்தப் பகுதியை நடத்தும்போது நான் அங்கே ஒரு வகுப்பு நேரம் முழுவதும் நிற்கிறேன். பாடத்திட்டம் பின்தங்குகிறது, பரவாயில்லை.

வழக்கு நடந்தாலே நீதி வந்துவிடும் என்று நம்பவும் முடியவில்லை. மாலியின் திம்புக்து நகரத்தை 2012இல் அன்சார் தீன் கைப்பற்றியபோது அங்கே இஸ்லாமியக் காவல்துறையில் முக்கியப் பொறுப்பில் இருந்த அல் ஹசன் என்பவரைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் விசாரித்தது. 2024 ஜூன் 26 அன்று சித்திரவதை உள்ளிட்ட குற்றங்கள் நிரூபணமாயின. பாலியல் வன்முறை நடந்தது உண்மை, ஆனால் அதற்கு இவர் பொறுப்பல்ல என்று வன்புணர்வு, பாலியல் அடிமைத்தனம், கட்டாயத் திருமணக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்துவிட்டார்கள். தண்டனை பத்தாண்டு. நடந்தது உண்மை, செய்தவர் இல்லை. ரோமில் பெயர் வாங்கிய குற்றங்கள், ஆள் கிடைக்காமல் நிற்கின்றன.

ஈராக்கிலும் சிறிது நகர்ந்தது. 2020 மார்ச்சில் பாக்தாத்தில், பதினான்கு வயதில் கடத்தப்பட்ட யாசிதிப் பெண் ஒருவர் தன்னை வதைத்தவனுக்கு எதிரே நின்று சாட்சி சொன்னார். அந்தத் தீர்ப்பில் வன்புணர்வும் இடம்பெற்றது. 2021 மார்ச் 1 அன்று நாடாளுமன்றம் யாசிதிப் பெண்களுக்கான சட்டம் கொண்டுவந்தது. மாத உதவித்தொகை, நிலம், படிப்பைத் தொடரும் உரிமை, நடந்தது இனப்படுகொலை என்ற ஒப்புதல். நல்ல சட்டம். அடிமைத்தனத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றி மட்டும் அதில் பேச்சில்லை. ஈராக்கில் தந்தை முஸ்லிம் என்றால் குழந்தையும் முஸ்லிம் என்றே பதிவாகும். யாசிதி சமூகமோ பெற்றோர் இருவரும் யாசிதியாக இருந்தால்தான் ஏற்கும். திரும்பி வந்த பெண்களை அரவணைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களின் சமயத் தலைவர் பாபா ஷேக் அறிவித்தது பெரிய காரியம். பல பெண்களின் உயிர் அதனால் நின்றது. 2019 ஏப்ரலில் சமய அவை பிள்ளைகளையும் ஏற்பதாகச் சொல்வதுபோல் அறிவித்து, சில நாட்களில், வன்புணர்வில் பிறந்த குழந்தைகளை அல்ல என்று விளக்கம் கொடுத்தது. பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்கு வா, அல்லது பிள்ளையோடு எங்காவது போ. இந்த இடத்தில் குற்றவாளி ஐ.எஸ். மட்டுமா? எந்தச் சட்டப்பிரிவு இந்தப் பெண்ணிடம் வந்து கேட்கும்?

அந்த மாணவி இந்தப் பருவம் முழுதும் என்னோடு வாசித்தாள். ஆய்வுக் கட்டுரைக்கு இதை எடுக்கட்டுமா என்று கேட்டாள். தமிழ்த்துறையில் இது எப்படி என்று முதலில் அவளே தயங்கினாள். எடு என்றேன். சென்ற வாரம் அவள் சோலாக் பற்றிய குறிப்புகளோடு வந்தாள். சிஞ்சார் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் அது. கோச்சோ கிராமத்துப் பெண்களை 2014 ஆகஸ்டில் அங்கே கொண்டுவந்து பிரித்தபோது, விலை போகாத வயது என்று ஒதுக்கப்பட்ட பெண்களைச் சுட்டுப் புதைத்தார்கள். ஏறத்தாழ 80 பேர். நாதியா முராதின் தாயும் அவர்களில் ஒருவர். ஊர் மக்கள் அதைத் தாய்மார்களின் புதைகுழி என்கிறார்கள். விற்கப்பட்டவர்களில் சிலர் திரும்பிவந்து நீதிமன்றங்களில் பேசினார்கள். இந்தப் பெண்களின் எலும்புகளுக்குப் பெயர் கண்டுபிடிக்க, பிழைத்திருக்கும் மகள்களின் ரத்த மாதிரி தேவைப்பட்டது.